இன்டர்நெட் பாய்ச்சலும் கடைமடைக் கணக்கும்

(வேளாண்மை இலாகா டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

சென்ற பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் நமது மாநிலத்து விவசாயிகளின் காரியங்களில் அநேகம் காகிதத்தை விட்டுக் கம்பிக்கும் காற்றுக்கும் மாறிவிட்டன. சிட்டா நகல் பெறுவதும், பட்டா மாறுதலுக்கு மனுச் செய்வதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பெயர் பதிவதும், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கு முன்பதிவு செய்வதும் இன்று இன்டர்நெட் வாயிலாகவே நடைபெறுகின்றன. 2018-ம் வருஷத்தில் ஏற்பட்ட 'உழவன்' செயலியினால் மானிய விவரமும் விலை நிலவரமும் கையிலுள்ள போனிலேயே கிடைக்கின்றன. இவை யாவும் நன்மையே. ஆயினும் இந்நன்மை வந்து சேரும் வழி எத்தகையது, அதில் எவ்வளவு செல்லும் என்பதைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் ஆராய்வதில்லை.

சான்று பெற்ற விதை நெல் வாங்கும்போது முளைப்புத் திறன் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சீட்டைப் பார்க்கிறோம். உரம் வாங்கும்போது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு என்று மூட்டையின்மேல் வாசிக்கிறோம். இன்டர்நெட் இணைப்பு வாங்கும்போது மட்டும் விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதிய ஓர் எண்ணைக் கண்டு திருப்தியடைந்து விடுகிறோம். அவ்வெண் தலைமதகின் கணக்கு. நமக்கு வேண்டியதோ கடைமடையின் கணக்கு. கிராமத்துக்கு வந்துள்ள இணைப்பைக் கடைமடையில், கூட்டம் மிகுந்த வேளையில், மேலே அனுப்பும் திசையில் அளந்து பார்த்தே மதிப்பிட வேண்டும். அவ்வாறு கண்ட அளவுக்கு ஏற்ப வேலையைச் சுருக்கவும் நாட்களில் பிரித்து வைக்கவும் விவசாயிகளும் சர்க்கார் இலாகாக்களும் பழக வேண்டும். இதுவே என் அபிப்பிராயம். இதற்குரிய காரணங்களைக் கீழே விவரிக்கிறேன்.

கன அடியும் டி.எம்.சி.யும்

முதலாவது, இரண்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். மேட்டூர் அணையைப் பற்றிப் பேசுகையில் நாம் இரண்டு விதமாகக் கணக்குச் சொல்லுகிறோம். அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது ஒன்று, வினாடிக்கு இத்தனை கன அடி திறந்து விடப்படுகிறது என்பது மற்றொன்று. முன்னது இருப்பு, பின்னது பாயும் வேகம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 10,000 கன அடி வீதம் திறந்தால் அது உத்தேசமாக 28 மணி நேரத்தில் தீரும். இவ்விரண்டு அளவுகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் டெல்டா விவசாயியைக் காண்பது அரிது.

இன்டர்நெட்டிலும் இவ்விரண்டே உண்டு. வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது பாயும் வேகம். இதையே பேண்ட்வித் என்கிறார்கள். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் என்பது இருப்பு. இதையே டேட்டா என்கிறார்கள். வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 1.5 ஜிகாபைட் இருப்பு பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோகும். ஆகையால் 'வேகம் அதிகம்' என்று விற்பதும், 'டேட்டா அதிகம்' என்று விற்பதும் வெவ்வேறு சரக்குகள். வேகமான இணைப்பில் இருப்பு குறைவாகவும், மந்தமான இணைப்பில் இருப்பு தாராளமாகவும் இருக்கக்கூடும். தனக்கு வேண்டியது எது என்பதை வாங்குகிறவரே தீர்மானிக்க வேண்டும்.

மொபைல் திட்டங்கள் பலவற்றில் நாளின் இருப்பு தீர்ந்தபின் இணைப்பு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. வேகம் மாத்திரம் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. மதகை அடைத்த பின்னும் பலகை இடுக்கில் தண்ணீர் கசிவது போன்றது இது. அந்நிலையில், நோய் கண்ட நெற்பயிரின் போட்டோ ஒன்று 4 மெகாபைட் அளவுள்ளதாயின், அதை அனுப்பி முடிக்க எட்டு நிமிஷத்துக்கு மேலாகும். போன் கெட்டுப்போயிற்று என்று கடைக்கு எடுத்துச் செல்லுகிறவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

நாழியும் குறுணியும்

இரண்டாவது, பிட் வேறு, பைட் வேறு. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி என்பது நம் முன்னோர் கணக்கு. எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். வேகத்தைப் பிட்டிலும், இருப்பையும் போட்டோ முதலியவற்றின் பருமனையும் பைட்டிலும் சொல்லுவது வழக்கமாகிவிட்டது. நாழியில் விலை பேசிக் குறுணியில் அளந்து வாங்க எண்ணுகிறவன் ஏமாந்து போவது போல, 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 100 மெகாபைட் வரும் என்று எதிர்பார்க்கிறவரும் ஏமாறுவார். வரக்கூடியது அதிகபட்சம் 12.5 மெகாபைட்.

எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. இன்டர்நெட்டில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் சாதாரணமாக 3 பைட் கொள்ளும். ஆயிரம் குறிகள் கொண்ட கடிதம் 3 கிலோபைட்டில் அடங்கும். மேலே சொன்ன 4 மெகாபைட் போட்டோ ஒன்று செல்லுகிற இடத்தில் அத்தகைய கடிதங்கள் 1,300-க்கு மேல் செல்லும். வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட் கொள்ளும். வெறும் டெலிபோன் பேச்சுக்கோ வினாடிக்கு 12 அல்லது 13 கிலோபிட் போதுமானது. குறுஞ்செய்தி ஒன்றுக்கு உள்ள இடம் 140 பைட். அதில் ஆங்கில எழுத்து 160-ம், தமிழ்க் குறிகள் 70-ம் அடங்கும். பூச்சி மருந்தின் பெயரையும் அளவையும் தெரிவிக்க இந்த 70 குறிகளே பெரும்பாலும் போதும். அதற்குப் பத்து நிமிஷ வீடியோ அவசியமா என்பதை வீடியோ தயாரிக்கிற இலாகாக்கள் யோசிக்க வேண்டும்.

பொது வாய்க்கால்

மூன்றாவது, இன்டர்நெட் எவருடைய சொந்தக் கிணறும் அன்று. அது பொது வாய்க்கால். கிராம ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு செல்லும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2011-ம் வருஷத்தில் அனுமதியளித்தது. 2015-ம் வருஷம் முதல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர். ஊராட்சி ஒன்றுக்கு வினாடிக்கு 100 மெகாபிட் என்பது அதன் நோக்கம். நமது மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது.

நூறு மெகாபிட் என்பது கேட்பதற்குப் பெரிதாயிருக்கிறது. ஆனால் அது ஊராட்சி முழுமைக்கும் உரியது. பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், சுகாதார நிலையம், ஈ-சேவை மையம், வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே வேளையில் நாற்பது பேர் உபயோகித்தால் தலைக்கு 2.5 மெகாபிட், ஐம்பது பேர் உபயோகித்தால் 2 மெகாபிட். இந்த 2 மெகாபிட்டே, 2023-ம் வருஷம் ஜனவரி மாதத்து அறிவிப்பின்படி, பிராட்பேண்ட் என்று சொல்லத்தக்க இணைப்பின் குறைந்தபட்ச இறக்க வேகம். அதற்கு முன் 512 கிலோபிட்டே அந்த வரம்பாயிருந்தது.

வீடுகளுக்கு வரும் ஃபைபர் கம்பியிலும் இதே நியாயந்தான். ஜிபான் என்னும் முறையில் தாய்க்கம்பி ஒன்று வினாடிக்கு உத்தேசமாக 2,488 மெகாபிட் கீழே இறக்கும்; 1,244 மெகாபிட் மேலே ஏற்றும். அதை 32 வீடுகளுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே சமயத்தில் முழு அளவு இழுக்கும்போது வீட்டுக்கு இறக்கத்தில் 78 மெகாபிட்டும் ஏற்றத்தில் 39 மெகாபிட்டும் வரும். எனினும் வீட்டுக்கு 100 அல்லது 200 மெகாபிட் என்று விற்கிறார்கள். எல்லோரும் ஒரே நிமிஷத்தில் இழுப்பதில்லை என்பதே இதற்கு ஆதாரம். இதை மோசடி என்று சொல்லுவது சரியன்று. ஊரிலுள்ள எல்லா வயல்களுக்கும் ஒரே நாழிகையில் தண்ணீர் பாய்ச்சப் போதுமான அகலத்தில் எந்தக் கிளை வாய்க்காலும் வெட்டப்படுவதில்லை; முறை வைத்தே பாய்ச்சுகிறோம். ஆனால் நாம் வாங்குவது பொதுவில் ஒரு பங்கு என்பதை விற்கிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைமடையின் நிலை

கம்பியில்லாத மொபைல் இணைப்பில் கடைமடையின் கஷ்டம் இன்னும் அதிகம். டவர் ஒன்று ஒரு திசையில் அளிக்கும் திறனை அத்திசையிலுள்ளவர் யாவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அன்றியும், தூரம் ஆக ஆகச் சமிக்ஞை மெலிந்துபோகிறது. 1948-ம் வருஷத்தில் அமெரிக்க நாட்டு பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்ற கணித நிபுணர் இதற்கு ஒரு விதியை வகுத்தார். செய்தி செல்லும் வழி எதற்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. அது அலைக்கற்றையின் அகலத்தையும், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்பது அவ்விதி. அந்த விகிதம் மாறாதிருக்க, அகலத்தை இருமடங்காக்கினால் திறனும் இருமடங்காகும். சமிக்ஞையின் பலத்தை மாத்திரம் இருமடங்காக்கினால் திறன் அவ்வாறு பெருகாது; சிறிதளவே கூடும். ஆகவே டவருக்கு அருகிலுள்ள கடைத்தெருவில் ஓடுகிற வீடியோ, இரண்டு மைல் தள்ளியுள்ள வயல் வரப்பில் நின்று போவது இயற்கை நியதியே.

போனில் தெரியும் கோடுகளை நம்பியும் பயனில்லை. அவை சமிக்ஞையின் பலத்தைக் காட்டுமேயன்றி, அதே டவரில் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்பதைக் காட்டமாட்டா. வாய்க்கால் கண்ணுக்குத் தெரிவது வேறு, நமது மடைக்குத் தண்ணீர் வருவது வேறு.

ஏற்றமும் இறக்கமும்

இன்டர்நெட்டிலிருந்து நாம் பெறுவது இறக்கம். நாம் அனுப்புவது ஏற்றம். வீட்டில் பாட்டும் படமும் பார்க்கிறவர்களுக்கு இறக்கமே முக்கியம். ஆதலால் விளம்பரங்களிலும் இறக்கத்தின் வேகமே சொல்லப்படுகிறது. மொபைல் இணைப்பில் ஏற்றம் பெரும்பாலும் இறக்கத்தில் ஒரு சிறு பங்கே. போனிலிருந்து அலையை அனுப்பும் சக்தி டவரின் சக்தியை விட மிகக் குறைவாயிருப்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் விவசாயியின் வேலை பெரும்பாலும் ஏற்றத்தைச் சேர்ந்தது. சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம் இவற்றின் நகல்களையும் பயிரின் போட்டோவையும் அவர் மேலே அனுப்ப வேண்டியிருக்கிறது. இறக்கத்தின் எண்ணைப் பார்த்து இணைப்பு வாங்கி, ஏற்றத்தில் வேலை செய்ய முயலும்போதுதான் தொல்லை தோன்றுகிறது.

நவம்பர் மாதத்துக் கணக்கு

இது வெறும் சௌகரியக் குறைவு மாத்திரமாயிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2016-ம் வருஷம் முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குப் பதிய 2023-லும் 2024-லும் நவம்பர் 15-ம் தேதி கடைசி நாளாகக் குறிக்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பு எல்லா வருஷமும் கிடைக்கும் என்று நம்பியிருப்பது தகாது. பதியாத வயல் வெள்ளத்தில் மூழ்கினால் அந்நஷ்டம் முழுதும் விவசாயியின் தலையிலேயே விழும்.

ஈ-சேவை மையம் ஒன்றில் கடைசி நாளன்று நூறு விவசாயிகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நான்கு நகல்கள் அனுப்ப வேண்டும். நகல் ஒன்று 2 மெகாபைட். மொத்தம் தலைக்கு 8 மெகாபைட், அதாவது 64 மெகாபிட். ஏற்றம் வினாடிக்கு 1 மெகாபிட் கிடைத்தால் ஒருவருக்கு 64 வினாடி ஆகும். அதே ஏற்றத்தை நான்கு இடங்கள் பங்கிட்டுக்கொண்டால் மையத்துக்கு 250 கிலோபிட்டே மிஞ்சும். ஒருவருக்கு 256 வினாடி ஆகும். நூறு பேருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் செல்லும். இது நகல்கள் செல்வதற்கு மட்டும் ஆகும் காலம்; எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஆகும் காலம் தனி. மாலையில் மையத்தை மூடும்போது வரிசையில் நிற்கிறவர்களின் கதி என்ன?

இப்பொழுது அதே நகல்களை ஒவ்வொன்றும் 200 கிலோபைட்டாகச் சுருக்கி அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு பக்க எழுத்தைத் தெளிவாக வாசிக்க இவ்வளவு போதும். தலைக்கு 6.4 மெகாபிட், ஒருவருக்கு 26 வினாடி, நூறு பேருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. கம்பி அதுவே, மையமும் அதுவே. சுமை பத்தில் ஒன்றாயிற்று; ஏழு மணி நேரம் முக்கால் மணியாயிற்று. இந்தச் சிக்கனத்துக்குச் சர்க்கார் உத்தரவோ பெரிய செலவோ தேவையில்லை.

ஓர் ஆட்சேபம்

கம்பியை இன்னும் பெரிதாக்கிவிட்டால் இக்கணக்கெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பெரிதாக்க வேண்டியதுதான், அதைக் கேட்பதும் நமது உரிமை. ஆனால் அகலமான வாய்க்காலையும் தலைமடைக்காரர் நிரப்பிக்கொள்வதை நாம் அறிவோம். 512 கிலோபிட் போதும் என்றிருந்த காலத்தில் அனுப்பிய போட்டோவும் இன்று அனுப்பும் போட்டோவும் ஒரே பருமனுள்ளவை அல்ல. மேலும், மாநிலத்தின் எல்லா மையங்களும் ஒரே நாளில் ஒரே சர்வரின் கதவைத் தட்டினால், நம் ஊர்க் கம்பி எவ்வளவு பெரிதாயிருந்தும் நெரிசல் அங்கேதான். அதற்கு ஒரே பரிகாரம் வேலையைப் பல நாட்களில் பிரித்து வைப்பது.

அன்றியும், பதிவுக் காலமும் புயற்காலமும் ஒன்றாயிருக்கின்றன. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் மின் கம்பங்களும் டவர்களும் வீழ்ந்து, பல கிராமங்கள் நாட்கணக்கில் மின்சாரமும் டெலிபோனும் இன்றி இருந்தன. எத்தனை மெகாபிட் வாங்கியிருந்தாலும் அந்நாளில் பயன்பட்டிராது. கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபுறத்திலிருந்து செய்தி வந்து சேரும்படி வளையமாக அமைப்பதென்று 2023-ம் வருஷத்தில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்தில் முடிவு செய்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. வேகத்தைக் கேட்பதைப்போலவே இந்த வளைய அமைப்பையும், மின்சாரம் நின்றபோது ஓடக்கூடிய பாட்டரியையும் கிராமங்கள் கேட்க வேண்டும்.

செய்யத்தக்கவை

கிராம ஊராட்சியும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து செப்டம்பர் மாதத்தில் ஒரு வாரம் இணைப்பை அளந்து பார்ப்பார்களாக. ஈ-சேவை மையம், கூட்டுறவுச் சங்கம், டவருக்குத் தூரமான குக்கிராமம் ஆகிய மூன்று இடங்களில், காலை, நண்பகல், இரவு எட்டு மணி ஆகிய மூன்று வேளைகளில், இறக்கத்தையும் ஏற்றத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ம் வருஷத்தில் வெளியிட்ட 'மைஸ்பீடு' என்னும் செயலியைக் கொண்டு எவரும் இதைச் செய்யலாம். மழைமானிக் கணக்கைப்போல இதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, அக்டோபர் 2-ம் தேதி கிராம சபையில் வாசித்தால், இணைப்பைப் பற்றிய புகார் 'சரியில்லை' என்ற வெறுஞ்சொல்லாக இராமல், தேதியும் எண்ணும் கொண்ட விண்ணப்பமாக மேலே செல்லும்.

நடவு முடிந்த வயல்களுக்கு அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலர்கள் அக்டோபரிலேயே கொடுத்து, தெருவாரியாக நாள் குறித்து மையத்துக்கு அனுப்பினால் நெரிசல் குறையும். இது வாய்க்காலில் முறை வைப்பதைப் போன்றதே. விவசாயிகள் தங்கள் தஸ்தாவேஜுகளின் நகல்களைச் சுருக்கிய அளவில் ஒரு தடவை தயார் செய்து போனிலேயே வைத்துக்கொள்வது நலம். போட்டோ முதலியவற்றைக் கூட்டம் குறைந்த அதிகாலையில் அனுப்பலாம். சந்தேகம் கேட்பதற்கு டேட்டாவே தேவையில்லாத கிசான் கால் சென்டர் 2004-ம் வருஷம் முதல் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணில் சாதாரண போனிலிருந்தே செலவின்றிப் பேசலாம்.

சர்க்கார் இலாகாக்களின் கடமையும் சிறிதன்று. விவசாயிக்கென்று செய்யப்படும் செயலி எதையும் தலைநகரத்து ஆபீசில் சோதித்து அங்கீகரிப்பது போதாது. மழை நாளில் கடைமடை வரப்பில் நின்று சோதிக்க வேண்டும். நகலைத் தானே சுருக்கிக்கொள்ளவும், பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும், இணைப்பில்லாத வேளையில் எழுதி வைத்துப் பின்னர் அனுப்பவும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பை முதலில் எழுத்தாகவும் பின்னர் வேண்டியவர்களுக்கு வீடியோவாகவும் கொடுக்க வேண்டும்.

அணையில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்ற செய்தியைக் கேட்டு மாத்திரம் கடைமடை விவசாயி நாற்றங்கால் விடுவதில்லை. தன் மடைக்கு எவ்வளவு வரும், என்றைக்கு வரும் என்று விசாரித்த பின்பே விதையை நனைக்கிறார். அந்த முன்யோசனையை இன்டர்நெட் காரியத்திலும் செலுத்தினால், வருகிற சம்பாவில் நம் கிராமங்களில் ஒரு வயலாவது இணைப்புக் கோளாறினால் காப்பீடு இழக்காமல் இருக்கும்.